அப்பா கையில் ஒரு கிளாஸ்

புதுச்சேரி
2.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் நம்பரைத் தடுத்து வச்சிருக்க. குடும்ப வாட்ஸப் குரூப்புல இருந்தும் தூக்கிட்ட. அதனாலதான் தபால். மதுரை வில்லாபுரத்துக்கு, உன் சோடாக் கம்பெனி விலாசத்துக்கே போடுறேன். கஸ்டமர் யாரோ எழுதியிருக்காங்கன்னு நெனச்சாவது பிரிப்பல்ல.

பொங்கலுக்கு வந்தப்ப நானா வாயைத் திறந்துதான் சொன்னேன். ரெஸ்டாரண்டுல மேசைக்கு மேசை தட்டு தூக்கிட்டுப் போற வேலை முடிஞ்சு, இப்ப பார் கவுண்டர்ல நிக்கிறேன், காக்டெயில் கலக்குற வேலை, எனக்குப் பிடிச்சிருக்குன்னு. நீ கை கழுவாம எந்திரிச்ச. "அப்பாவைக் கெடுத்த சனியனை ஊத்திக் குடுக்கவாடி உன்னைக் கேட்டரிங் படிக்க வச்சேன்?"னு கத்துன. தெருவே கேட்டுச்சு. அப்பாவும் அங்கதான் உக்காந்திருந்தாரு. ஆடி மாசம் குடியை விட்ட மனுசன், பொங்கல் வரைக்கும் தாக்குப் பிடிச்சு உக்காந்திருக்காரு, அவரை வச்சுக்கிட்டுத்தான் கத்துன. அவரு ஒரு வார்த்தை பேசல. நான் பையைத் தூக்கிட்டு மாட்டுத்தாவணிக்கு ஆட்டோ ஏறுனப்பவும் பேசல.

அண்ணே, கோவப்படாம ஒண்ணு யோசிச்சுப் பாரு. உன் வண்டியில ஏத்துற சோடாவுல பாதி எங்க போய் இறங்குது? மதுக்கடைக்குப் பக்கத்துல இருக்கிற பாருலதானே? நான் ஊத்துறதுக்கு மேல விழுறது உன் சோடாதான்.

உனக்குப் பொண்ணு அமைஞ்சிருக்குன்னு அம்மா சொன்னாங்க. கோச்சடைப் பொண்ணாம், முத்துமீனாவாம், பாங்குல வேலையாம். சந்தோசம். அவங்க வீட்டுல என்னைப் பத்திக் கேட்டதுக்கு, தங்கச்சி ஹோட்டல்ல கணக்கு பாக்குறான்னு சொல்லியிருக்கியாம். நான் கணக்குல வாங்குன மார்க்கு உனக்குத் தெரியாதா?

தாலியில மூணாவது முடிச்சு நாத்தனார்தான் போடணும். உனக்கு யாரு போடப் போறாங்க? அதை மட்டுமாவது எழுது.

முனீஸ்வரி


வில்லாபுரம்
8.3.2025

முனீசுக்கு,

கடிதம் கிடைச்சது. அம்மா பதில் எழுதச் சொல்லி உசிரை வாங்குறாங்க, அதனால எழுதுறேன்.

சோடா வேற, சாராயம் வேற. என் சோடாவைச் சின்னப் புள்ளையும் குடிக்கும். நீ ஊத்துறதைக் குடிக்குமா?

அப்பா எப்படிக் கெடந்தாருன்னு நீ பாக்கல. நீ ஹாஸ்டல்ல இருந்த. தெருவுல இருந்து தூக்கிட்டு வந்தவன் நான். அதை மனசுல வச்சுப் பேசு.

மூணாவது முடிச்சுக்குப் பெரியப்பா மக பாண்டியம்மாளைச் சொல்லியாச்சு.

அழகுபாண்டி


வில்லாபுரம்
24.3.2025

முனீசு,

நீ பதில் போடல. போட மாட்டேன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுறேன். ஒரு காரியம் ஆகணும்.

போன ஞாயித்துக்கிழமை சோணை மாமா பேரனுக்குக் காதுகுத்து. மண்டபத்துக்குப் பின்னாடி நம்ம ஆளுங்க எல்லாம் கையில கிளாஸோட நிக்கிறாங்க. அப்பா தூரமாத்தான் உக்காந்திருந்தாரு. சோணை மாமா விடல. "மாப்ள, என்ன சாமியாராப் போயிட்டியா? மகனுக்குக் கல்யாணம் பேசியாச்சு, இன்னைக்குக் கூடவா?"ன்னு கிளாஸைக் கையில திணிச்சிட்டாரு. அப்பா அதை வாங்கிட்டாரு. குடிக்கல. வாங்கி வச்சுக்கிட்டு நிக்கிறாரு. பாதி சட்டையில சிந்திருச்சு. நான் பந்தியில இருந்து எந்திரிச்சு ஓடி வர்றதுக்குள்ள கிளாஸைத் திண்டு மேல வச்சிட்டு, வயித்து வலின்னு சொல்லிட்டு, உச்சி வெயில்ல நடந்தே வீட்டுக்குப் போயிட்டாரு. சிந்துன சட்டையை அவரே துவைச்சுப் போட்டாரு.

ஏப்ரல் 20 எனக்கு நிச்சயம். நம்ம வீட்டுலதான். ரெண்டு பக்கத்து ஆம்பளைகளும் வருவாங்க. வேண்டாம்னு நான் சொன்னாலும் சோணை மாமா கார் டிக்கியில சரக்கு வந்துரும். மாப்பிள்ளையோட அப்பா வயித்து வலின்னு எங்க ஓடுறது?

அதான் கேக்குறேன். பாக்க அது மாதிரியே இருக்கணும். நிறம் இருக்கணும், நுரைக்கணும், அதே கிளாஸ்ல இருக்கணும். ஆனா ஒரு சொட்டு சரக்கு இருக்கக் கூடாது. அப்பா கையில அதைக் குடுத்துட்டா, வேற எவனும் வந்து திணிக்க மாட்டான். வெறும் பன்னீர் சோடாவைக் குடுத்தா வாசத்துலயே கண்டுபிடிச்சிருவாங்க, மதுரையில அதைக் குடிக்காதவன் யாரு.

உன் தொழிலு இது. உனக்குத் தெரியும்னுதான் கேக்குறேன். வீம்பு பண்ணாத.

அழகுபாண்டி


புதுச்சேரி
29.3.2025

அண்ணே,

உன் கடிதத்தைப் பஸ்ஸுல ஒரு தடவை, ரூமுல ஒரு தடவை படிச்சேன். அப்பா சட்டையைத் துவைச்சுப் போட்ட இடம் வந்ததும் நிறுத்திட்டேன். அப்புறம் படிச்சேன்.

வீம்பெல்லாம் இல்ல. நீ கேட்டது நடக்கும்.

எங்க பாருக்கு ஒரு வக்கீல் வருவாரு. கூட்டாளிகளோடதான் வருவாரு. அவருக்கு மட்டும் நான் ஊத்துறதுல சரக்கு இருக்காது, அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆளுங்க அடுத்தவன் கையைத்தான் பாப்பாங்க, வாயைப் பாக்க மாட்டாங்க. கை காலியா இருந்தா ஊத்த வருவாங்க. நெறஞ்சிருந்தா விட்டுருவாங்க. உனக்குத் தோணுன யோசனை சரியான யோசனைதான். நீயும் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கலாம். (கிழிச்சுப் போட்டுறாத. மேல படி.)

இதுல ஒரு வேடிக்கை. எங்க மேனேஜர் கோடைக்குன்னு புது மெனு கேட்டிருக்காரு. "கனமா இருக்கக் கூடாது முனீஸ்வரி. லேசா இருக்கணும், நுரைக்கணும், குடிச்சா பூ வாசம் அடிக்கணும்"னாரு. நானும் அதைத்தான் பத்து நாளா பண்ணிக்கிட்டிருக்கேன். மல்லிகையும் ஜின்னும் சோடாவும். ஜின்னை எடுத்துட்டா நீ கேட்டது.

செய்முறை சொல்றேன், கவனமாப் படி.

மார்க்கெட்டுப் பூ வாங்காத. அது தலைக்கு வைக்கத்தான், மருந்து அடிச்சிருப்பாங்க. நம்ம மாடியில அம்மா வளர்க்குற செடி ரெண்டும் பூக்குதுல்ல? சாயந்தரம் மொட்டாப் பறிக்கணும். பச்சைக் காம்பைக் கிள்ளிரு, அது கசக்கும். ஒரு பானை குளிர்ந்த தண்ணியில ரெண்டு கைப்பிடி மொட்டைப் போட்டு மூடி வச்சிரு. ராத்திரி தண்ணி மேல மிதந்துக்கிட்டே விரியும். அப்ப இறங்குற வாசம்தான் நமக்கு வேணும். விடிஞ்சதும் பூவை எடுத்துரு, வெயில் ஏற விடாத. பனங்கற்கண்டைப் பாகாக் காய்ச்சி ஆறவச்சுக் கொஞ்சமாச் சேரு. நீ கேட்ட நிறம் அதுல வந்துரும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, நல்லாக் குளிர வச்சு, குடிக்கிறப்ப உன் சோடாவை மேல ஊத்து.

எக்காரணம் கொண்டும் பூவைக் கொதிக்க வைக்காத.

முனீஸ்வரி


வில்லாபுரம்
4.4.2025

முனீசு,

கொதிக்க வச்சுட்டேன்.

ராத்திரி பூரா ஊறுறதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு? டீ மாதிரி ஒரு கொதி விட்டா சீக்கிரம் இறங்கிருமேன்னு நெனச்சேன். கல்யாண வீட்டுல மறுநாள் கழட்டிப் போட்ட மாலையை ஊறப் போட்ட மாதிரி இருந்துச்சு. அம்மா ஒரு வாய் வச்சுட்டு, "இதைக் குடிக்கிறதுக்கு உங்கப்பா பேசாம அதையே குடிக்கலாம்டா"ன்னுட்டாங்க.

அடுத்து நீ சொன்னபடியே ஊற வச்சேன். வாசம் சரியா வந்துச்சு. அது வரைக்கும் நல்லா இருந்துச்சு. சோடாவை எதுக்குத் தனியா ஊத்தணும், மொத்தத்தையும் மெஷின்ல விட்டு கேஸ் ஏத்திருவோம், பாட்டில்லயே அடைச்சிருவோம்னு எனக்கு ஒரு யோசனை. நான் சோடாக்காரன், எனக்குத் தோணாதா? மூடியைத் திறந்ததும் பீறிட்டு அடிச்சுச்சு பாரு, விட்டத்துல இருந்து சொட்டுது. எதிர்த்த கடை சௌராஷ்டிராக்காரர் ஹரிராம் அண்ணே பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு, அவரு வேட்டியில எல்லாம் பூ வாசம்.

ஏன்னு அப்புறம் புரிஞ்சது. எலுமிச்சையில சக்கை இருந்துச்சு. சக்கை இருந்தா கேஸ் அதைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறும். ரெண்டு தடவை துணியில வடிகட்டி, ஐஸ் பெட்டியில வச்சு நடுங்க நடுங்கக் குளிர வச்சு ஏத்துனேன். சாந்தமா நின்னுச்சு. தனியா சோடா ஊத்துனதை விட இதுல நுரை பொடிசு, நாக்குல ரொம்ப நேரம் நிக்குது. நீயும் இப்படிச் செஞ்சு பாரு.

ஆனா ஒரு குறை. நல்லாத்தான் இருக்கு, ஆனா சர்பத் மாதிரி இருக்கு. குடிக்கிறவன் மூஞ்சி சுளிக்கணும்ல? இதைக் குடிச்சா மூஞ்சி சிரிக்குது. அதுக்கு என்ன பண்ண?

அழகுபாண்டி


புதுச்சேரி
8.4.2025

அண்ணே,

விட்டத்துல சொட்டுனதைப் படிச்சுட்டு கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்து சிரிச்சேன். கூட வேலை பாக்குற பொண்ணு என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா. பொங்கலுக்கு அப்புறம் நம்ம வீட்டை நெனச்சு நான் சிரிக்கிறது இதுதான் மொதத் தடவை.

குறை என்னன்னு சொல்றேன். கசப்பு இல்ல. சரக்கு தொண்டையில இறங்குறப்ப ஒரு இடத்துல பிடிக்கும்ல, அந்தப் பிடி கசப்புலதான் வரும். எலுமிச்சையைப் பாதியாக் குறை. நாரத்தங்காய்த் தோலை மெல்லிசாச் சீவி, மொட்டு ஊறுற தண்ணியிலயே போட்டு வை. நாரத்தை இலையும் ரெண்டு கிழிச்சுப் போடு. மொதல்ல பூ தெரியும், கடைசியில கசக்கும். மூஞ்சி தானா சுளிக்கும்.

நீ சொன்ன மாதிரி இங்கயும் துணியில வடிகட்டி மொத்தமா கேஸ் ஏத்துனேன். மேனேஜர் ஒரு வாய் குடிச்சுட்டு, இந்த நுரைக்கு என்ன பண்ணுனேன்னு கேட்டாரு. எங்க அண்ணன் சோடாக்காரர், அவரு சொல்லிக் குடுத்ததுன்னு சொன்னேன். மெனுவுல சேத்துட்டாங்க.

உன்னைப் பத்தி நான் இங்க மறைக்கல. பாத்துக்க.

நீ செய்யிறது யாரு சொல்லிக் குடுத்ததுன்னு அப்பாவுக்குத் தெரியுமா? நான் கடிதம் போடுறதாவது தெரியுமா? தெரியாட்டி நீயா சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

முனீஸ்வரி


வில்லாபுரம்
21.4.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேத்து நிச்சயம் முடிஞ்சது. உன் நம்பரைத் திறந்து விட்டுட்டேன். காலையில இருந்து போனை எடுக்கிறேன், வைக்கிறேன். பேசுனா ஒழுங்கா சொல்ல வராது. எழுதியே சொல்லிடுறேன்.

சாப்பாடு முடிஞ்சு பொம்பளைக உள்ள போனதும், நெனச்ச மாதிரியே சோணை மாமா டிக்கியைத் திறந்துட்டாரு. பின்னாடி வாடகைச் சேர் போட்டு எல்லாரும் உக்காந்துட்டாங்க. நான் முந்திக்கிட்டு, நம்ம பாட்டில்ல இருந்து கிளாஸ்ல ஊத்தி, ஐஸ் போட்டு அப்பா கையில குடுத்தேன். பாக்க அசல் சரக்குதான். எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அப்பா மோந்து பாத்தாரு. "சும்மா கையில வச்சுக்கங்கப்பா"ன்னு காதுல சொன்னேன். தலையாட்டுனாரு.

சம்பந்தி, அதான் முத்துமீனா அப்பா, எந்திரிச்சு வந்து கிளாஸை நீட்டுனாரு. சோணை மாமா, "பாத்தியா, நம்ம மாப்ள பேயாண்டி பழையபடி ஃபார்முக்கு வந்துட்டான்"னு கை தட்டுனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான் அவரைப் பேச வச்சதுன்னு நெனைக்கிறேன் முனீசு. அப்பா எந்திரிச்சு நின்னாரு. அப்புறம் கிளாஸை நடு மேசையில வச்சாரு.

"இதுல சரக்கு இல்ல சம்பந்தி"ன்னாரு. "நான் குடியை விட்டுட்டேன். போன ஆடியில விட்டது. உங்க பொண்ணு வர்ற வீடு, உங்களுக்குத் தெரியணும். நான் மோசமாக் குடிச்சவன். எம்மகன் என்னைத் தெருவுல இருந்து தூக்கியிருக்கான். இன்னைக்கும் எனக்கு அவமானம் வந்துறக் கூடாதுன்னுதான் இதை ஊத்திக் கையில குடுத்திருக்கான்."

சம்பந்திதான், "சரக்கு இல்லைன்னா பின்ன என்ன அது?"ன்னு கேட்டாரு.

"எம்மக சொல்லிக் குடுத்தது. பாண்டிச்சேரியில பாருல நிக்கிறா. கணக்கு பாக்குறான்னு உங்ககிட்ட சொன்னது பொய். கலக்கிக் குடுக்குற வேலைதான். நல்லாப் பாக்குறா போல. அப்பனுக்குன்னு சரக்கே இல்லாம ஒண்ணு செஞ்சு அனுப்பியிருக்கா."

அவருக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? கம்பெனி வாசல்ல உக்காந்திருக்கிறவர் யாரு? தபால்காரர் யாருகிட்ட குடுப்பாரு? உன் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? ஒண்ணையும் பிரிக்கல. என் மேசையில கொண்டாந்து வச்சுட்டுப் போயிருவாரு. மாடியில அம்மா மொட்டுப் பறிக்கிறதையும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு.

சம்பந்தி அந்தக் கிளாஸை எடுத்தாரு. ஒரு வாய் குடிச்சாரு. மூஞ்சி சுளிச்சாரு. இன்னொரு வாய் குடிச்சாரு. "தம்பி, இது இன்னும் இருக்கா? டாக்டர் எனக்கும் வேண்டாம்னுதான் சொல்லியிருக்காரு. உங்க வீட்டுக்கு வந்து வேண்டாம்னு சொல்ல முடியுமான்னுதான் கையில வாங்குனேன்"ன்னாரு. அம்புட்டுதான். ஆளுக்கு ஆள் நீட்டுனாங்க. சரக்கு குடிச்சவங்களும் இருந்தாங்க, இல்லைங்கல. சோணை மாமா கோவிச்சுக்கிட்டு காருல போய் உக்காந்துட்டாரு. ஆனா நம்ம பாட்டில்தான் மொதல்ல தீந்துச்சு.

முழுசா எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். முத்துமீனாவோட அம்மா, "பொம்பளப் புள்ள பாருலயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. பொய் சொன்னது எதுக்குன்னும் கேட்டாங்க. அது நியாயம்தான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஆனா முத்துமீனா சமையல்கட்டுல வந்து எங்கிட்ட உன் நம்பரைக் கேட்டு வாங்குச்சு. "எனக்கு முடிச்சுப் போடப் போறது யாருன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா? அவங்களைக் கூப்பிடுங்க. உங்க பெரியப்பா மகளை நான் சமாதானம் பண்ணிக்கிறேன்"னு சொல்லுச்சு.

கல்யாணம் ஜூன் 5. நீ வா. முடிச்சு நீதான் போடணும்.

அண்ணன்
அழகுபாண்டி


புதுச்சேரி
26.4.2025

அண்ணே,

முத்துமீனா அண்ணி நேத்து பேசுனாங்க. நல்லாப் பேசுறாங்க. உன்னை விட நல்லாப் பேசுறாங்க.

அப்பா எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னாருன்னு எழுதுனதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். வேலைக்கும் லேட்டாத்தான் போனேன். எம்புட்டு சந்தோசம்னு உனக்கு எழுதத் தெரியல.

ஆனா அண்ணே, அவரு அதைச் சம்பந்திகிட்ட சொன்னாரு. எங்கிட்ட சொல்லல. பொங்கலன்னைக்கு நீ கத்துனது எனக்கு அன்னையோட போச்சு. நீ கத்துவ, அப்புறம் வருவ, சின்ன வயசுல இருந்து பாக்குறதுதான். அவரு சும்மா இருந்தாரு பாரு, அதைத்தான் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியிறேன். நான் பையை எடுத்தப்ப, "போகாதம்மா"ன்னு சொல்ல வேண்டாம். "போயிட்டு வா"ன்னாவது சொல்லியிருக்கலாம்ல?

லீவு கேட்டா குடுப்பாங்க. ஆனா நீ கூப்பிட்டு நான் வர மாட்டேன். அண்ணி கூப்பிட்டும் இல்ல. அவரு கூப்பிடட்டும். வீம்புன்னு நெனச்சுக்கிட்டாலும் சரி.

இதை அவருகிட்ட சொல்லவா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணிக்க.

முனீஸ்வரி


வில்லாபுரம்
5.5.2025

அன்புள்ள முனீசு,

இதைத் தபால்ல போடல. கொண்டாந்து குடுத்த ஆளு உன் வாசல்லதான் நிக்கிறாரு. மொதல்ல உள்ள கூப்பிட்டு உக்கார வை. தண்ணி குடு. பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்திருப்பாரு, வெயில் பூரா அவரு மேலதான் அடிச்சிருக்கும்.

உன் கடிதத்தை நான் அவருகிட்ட சொல்லல. படிக்கக் குடுத்துட்டேன். சோடாக் கிரேட்டு மேல உக்காந்து படிச்சாரு. மடிச்சு எங்கிட்ட குடுத்தாரு. "பத்திரிகை அச்சாகி வந்துருச்சாடா?"ன்னு கேட்டாரு. அன்னைக்குத்தான் வந்திருந்துச்சு. கோயில்ல ஒண்ணு வச்சுட்டு, அடுத்தது அவளுக்குத்தான்னு எடுத்து வச்சுக்கிட்டாரு. போன்ல கூப்பிடுங்களேன்ப்பா, நான் நம்பரைப் போட்டுத் தாரேன்னு சொன்னேன். "பொறந்த மகளைப் போன்லயா கூப்பிடுறது? வெத்தலை பாக்கு வச்சுத்தான் கூப்பிடணும். நான் போறேன்"ன்னுட்டாரு. அடுத்த வாரம் அழகர் ஆத்துல இறங்குறாரு, சோடாவுக்கு ஆள் பத்தாம நான் தவிக்கிறேன், அது தெரிஞ்சும் கிளம்பிட்டாரு. நானும் தடுக்கல.

ஒரு விசயம். நீ நிக்கிற இடத்தைப் பாக்கணும்னு சொல்றாரு. பாரை. எனக்குப் பயமா இருக்கு முனீசு. இத்தனை மாசமா அவரா பாட்டில் பக்கம் போனதில்ல. வேண்டாம்ப்பான்னு சொல்லிப் பாத்தேன். "அவ என்ன செய்யிறான்னு பாக்காமத்தானே அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்"ன்னாரு. கூட்டிட்டுப் போறதும் போகாததும் உன் முடிவு. இதுல நீ என்னை விட விவரம். ஆள் இல்லாத காலை நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போனா நல்லதுன்னு எனக்குத் தோணுது.

ராத்திரிக்கு இட்லி போதும் அவருக்கு. மாத்திரை மஞ்சப்பையில இருக்கு. சாப்பிட்டேன்னு சொல்லுவாரு, நம்பாத.

இப்ப இதை மடிச்சு வச்சுட்டு அவரைப் பாரு. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. அப்புறம் பேசுவாரு. நேத்து ராத்திரி படுக்கிற வரைக்கும், உங்கிட்ட என்ன பேசணும்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தாரு.

அண்ணன்
அழகுபாண்டி